அஞ்சு நாள் நனையக் கூடாது

பச்சியப்பன் தன் ஐம்பத்தோரு வயதில் முதன்முதலாகச் சோறு வடித்தான். வடித்தான் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. பானையைச் சாய்த்ததில் பாதிச் சோறு கஞ்சியோடு சேர்ந்து சாக்கடைக்குப் போனது. மீதி, கரண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டில் தட்டி, மேலே ரசத்தை ஊற்றி, பொண்டாட்டி தீர்த்தம்மாளுக்கு முன்னால் வைத்தான். அவள் வலது கையால் பிசைந்து இரண்டு வாய் தின்றாள். இடது கையை மடியில் தலையணை வைத்து அதன்மேல் கிடத்தியிருந்தாள். அந்தக் கையின் உட்பக்கத்தில், மணிக்கட்டுக்கு மேலே, கண்ணாடி மாதிரி மெல்லிசான ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. அதற்கு அடியில் கருப்பு மையில் இரண்டே வார்த்தை பச்சை குத்தியிருந்தது. வூட்டுக்கு போலாம்.

அது அவர்கள் மகள் கவிப்பிரியாவின் கையெழுத்து. அவள் செத்து அன்றைக்கு நாலாம் நாள்.

கவிப்பிரியாவுக்குப் பத்தொன்பது வயது. காலேஜில் இரண்டாம் வருடம். வெறும் காய்ச்சல் என்று படுத்தாள், மூன்றாம் நாள் சளி நெஞ்சில் இறங்கி மூச்சு முட்டியது. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போனது தீர்த்தம்மாள் மட்டும். பச்சியப்பன் போகவில்லை. அவனுடைய பட்டுப்புழு அப்போது கடைசிப் பருவத்தில் இருந்தது. ஒரு நாளைக்கு நாலு வேளை மல்பெரித் தழை போட வேண்டும், ஒரு வேளை தவறினாலும் கூடு தக்கையாகப் போய்விடும். "நீ போ புள்ள. புழு கூடு கட்ட ஏறட்டும், அடுத்த பஸ்ஸுக்கு நான் வந்துடறேன்" என்று சொல்லி அனுப்பினான். காய்ச்சல்தானே என்று நினைத்தான். புழு ஏறியது. அவன் சட்டை மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் வந்துவிட்டது.

ஆக, மகள் கடைசியாக என்ன கேட்டாள் என்பது தாய்க்கு மட்டும்தான் தெரியும். மூக்கும் வாயும் மூடிய மாஸ்க்கைப் போட்டுக் காற்று ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேச முடியாது. பத்து நிமிடம் பார்க்கலாம் என்று உள்ளே விட்டபோது, கவிப்பிரியா எழுதுவதுபோல் விரலை ஆட்டினாள். நர்ஸின் சட்டைப்பையில் பேனா இருந்தது, காகிதம் பக்கத்தில் இல்லை. தீர்த்தம்மாள் தன் கையை நீட்டினாள். படுத்தவாக்கிலேயே அவள் எழுதினாள். வரி மணிக்கட்டை நோக்கிச் சரிந்தது. கடைசிப் புள்ளி தோலில் வழுக்கி ஒரு கோடாக இழுத்துக்கொண்டது.

"நாளைக்கு டாக்டரு பாத்துட்டுச் சொல்லுவாரு கண்ணு, போலாம்" என்றாள் தாய். மறுநாள் விடியவே இல்லை அந்தப் பிள்ளைக்கு.

பிணம் எடுத்த வீட்டில் எல்லோரும் தலைமுழுக வேண்டும் என்பது ஊர் வழக்கம். பெண்கள் தீர்த்தம்மாளைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார்கள். அவள் இடது கையில் ஒரு பாலிதீன் பையை மாட்டி, முழங்கையில் ரப்பர் பேண்ட் போட்டு, கையை ஆகாசத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றாள். நாலு குடம் ஊற்றினார்கள். தூக்கிய கையை அவள் இறக்கவே இல்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று இரண்டு பேர் அழுதார்கள்.

என்ன காத்தாலும் பால்பாயின்ட் மை தோலில் எத்தனை நாள் நிற்கும்? மூன்றாம் நாள் காலை, புதைத்த இடத்தில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது, முதல் வார்த்தையில் பாதி வெளுத்துவிட்டது. தீர்த்தம்மாள் புருஷனிடம் கையைக் காட்டினாள்.

"அழியுதுங்க. இது மேலயே பச்ச குத்திடணும். இன்னிக்கே."

சாவு வீட்டுக்காரர்கள் மூன்றாம் நாள் டவுன் பஸ் ஏறுவது ஊரில் நடக்காத காரியம். "புள்ள போன மூணா நாளே டாட்டூ குத்தப் போறாளாம், மவராசி" என்று பேசினார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? பச்சியப்பன் கிளம்பிவிட்டான். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, வெயில் படாமல் கையைத் துண்டால் மூடி, தர்மபுரிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில், அருள்குமார் என்பவன் டாட்டூ கடை வைத்திருக்கிறான். முப்பது வயதிருக்கும், கழுத்துவரை படம் வரைந்த ஆள். விஷயத்தைக் கேட்டதும் அவள் கையை விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தான். ஊசி போடுமுன் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் பேனா மை போய்விடும். அதனால் முதலில் அழியாத மார்க்கரை எடுத்து, கவிப்பிரியா எழுதிய கோட்டின்மேல் மயிரிழை தப்பாமல் ஓட்டினான். சரிந்த வரியைச் சரிந்தபடியே, வழுக்கிய புள்ளியை வழுக்கியபடியே விட்டான். பத்து நிமிட வேலைக்கு ஒண்ணேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டான். பச்சியப்பனுக்கு அந்த மிஷின் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. எழுந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டான்.

முடிந்ததும் அருள்குமார் செல்போனைக் கையில் எடுத்தான். "ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறம்மா. பேஜ்ல போட மாட்டேன், சும்மா எனக்கு."

தீர்த்தம்மாள் முந்தானையை இழுத்து மூடினாள். "வேணாந்தம்பி. அது எம்புள்ள எனக்கு எழுதுனது. இன்னொருத்தரு வெச்சிருக்கறதுக்கு இல்ல."

அவனும் வற்புறுத்தவில்லை. பிளாஸ்டரை ஒட்டி, அஞ்சு நாள் பிரிக்கக் கூடாது, நனையக் கூடாது, சொரியக் கூடாது என்றான். உள்ளே கருப்பாகத் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அது மையும் தோலில் ஊறும் நீரும்தான், பயப்பட வேண்டாம், ஓரம் ஒழுகினால் மட்டும் போன் பண்ணுங்கள் என்றும் சொன்னான். அதையெல்லாம் கேட்டிருக்க வேண்டியவன் படிக்கட்டில் இருந்தான். கேட்டுக்கொண்டிருந்தவளுக்கோ, மூன்று நாளாக யார் பேசினாலும் காதுக்கு வெளியேதான் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தக் கை பச்சியப்பனின் பொறுப்பு ஆயிற்று. அஞ்சு நாள் நனையக் கூடாது என்று அவள் பஸ்ஸில் சொன்னது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும், அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். பாத்திரம் கழுவினான். துணி துவைத்தான். அவள் முகம் கழுவக்கூட விடாமல், ஈரத் துண்டால் தானே துடைத்துவிட்டான். சீப்பை எடுத்துத் தலை வாரி, சிக்கைப் பிரிக்கத் தெரியாமல் இழுத்து, அவள் "ஸ்ஸ்" என்றதும் கையைப் பின்வாங்கிக்கொண்டான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அவன் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்ததில்லை. இப்போது செய்தான் என்றால், அவளுக்காக மட்டும் செய்யவில்லை. மகளுக்குச் செய்யாமல் போனதை அந்தக் கைக்குச் செய்துகொண்டிருந்தான். செய்யச் செய்ய நெஞ்சில் ஒரு துளி லேசானதுபோல் இருந்தது. அப்படி இருந்ததற்காகவும் வெட்கப்பட்டான்.

காலையில் எழுந்ததும் பிளாஸ்டரின் நாலு ஓரத்தையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பான். பிறகு படிப்பான். எட்டாவது வரை படித்தவனுக்கு இரண்டு வார்த்தையைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனாலும் அவன் நெடுநேரம் படித்தான். எழுதியது தாயின் கையில்தான். ஆனால் வீட்டுக்குக் கூட்டிவர போயிருக்க வேண்டியவன் அவன் அல்லவா? அது தனக்கு எழுதியது என்றே அவனுக்குப் பட்டது.

குத்திய மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை. வழக்கம்போல் அழுத்திப் பார்க்கப் போனவன் கையை எடுத்துக்கொண்டான். பிளாஸ்டர் பொம்மென்று உப்பியிருந்தது. உள்ளே கலங்கலாக நீர் கோத்திருந்தது. நடுவில் கருப்பும் சாம்பலும், ஓரத்தில் மோர் நிறம். எழுத்து அதற்குள் மிதப்பதுபோல் தெரிந்தது. "வூ" எங்கே, "போ" எங்கே என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுற்றியிருந்த தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது.

அந்தப் பளபளப்பை அவனுக்கு நன்றாகத் தெரியும். பட்டுப்புழுவுக்குப் பால்நோய் வந்தால் இப்படித்தான் இருக்கும். புழு உப்பும், தோல் மினுங்கும், தொட்டால் வெடித்து உள்ளே இருக்கும் பால் ஒழுகும். அந்தப் பால் பட்ட புழுவெல்லாம் சாகும், ஒரே நாளில் தட்டுத் தட்டாகப் போய்விடும். வெடிப்பதற்கு முன்னால் நோய்ப் புழுவைப் பொறுக்கி எடுத்துவிட்டு, புழுப் படுக்கையில் சுண்ணாம்புத் தூளைத் தூவ வேண்டும். இதில் அவனை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. புழு வளர்க்கும் மனைக்குள் நுழைந்து ஒருமுறை மூச்சை இழுத்தால் போதும், எந்தத் தட்டில் நோய் என்று சொல்லிவிடுவான். அஞ்சு ஊர்க்காரர்கள் அவனை வண்டி வைத்துக் கூட்டிப்போவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அவன் சொன்னது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனைக்கு அது சறுக்கும்போதுதான் தெரியும்.

"தீர்த்தா, சீழு புடிச்சிக்கிச்சி" என்றான்.

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, அந்தத் தம்பி என்னமோ தண்ணி கோத்துக்கும், பயந்துக்காதீங்கன்னு சொன்னாப்பல இருக்குதுங்க."

"தண்ணின்னா தெளிவா இருக்கும் புள்ள. இது பாலு. ஓரத்தப் பாரு. இது வெடிச்சிதுன்னா கையெல்லாம் பரவிடும், எழுத்தையே தின்னுடும்."

"ஒரு போனு போட்டுக் கேளுங்களேன்."

"அவன் ஊசி புடிக்கறவன். நோவப் பத்தி அவனுக்கு என்னா தெரியும்? நான் பாக்காத நோவா? எனக்குத் தெரியாதா?"

அவன் சொல்வதை நம்பினாளா, நம்பாமல் இருக்கத் தெம்பில்லையா, தெரியாது. கையை நீட்டிவிட்டாள்.

பச்சியப்பன் எதையும் அலட்சியமாகச் செய்யவில்லை. அதுதான் கொடுமை. புது பிளேடு பிரித்தான். கையை சோப்பு போட்டு இரண்டு தரம் கழுவினான். பிளாஸ்டரின் கீழ் ஓரத்தைக் கீறி, நீர் சொட்டாமல் பஞ்சில் ஒற்றி எடுத்தான். பிறகு பிளாஸ்டரை மெல்ல உரித்தான். அடியில் எழுத்து முழுசாகத்தான் இருந்தது. சிவந்த தோலின்மேல் வூட்டுக்கு போலாம் என்று தெளிவாக, ஈரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. நல்ல வேளை, நேரத்தோடு பார்த்துவிட்டோம் என்று நினைத்தான். புழு மனைக்குப் போய், சுண்ணாம்புத் தூளும் பிளீச்சிங் பவுடரும் கலந்து வைத்திருந்த டப்பாவை எடுத்துவந்தான். மெல்லிய துணியில் கட்டி, தட்டின்மேல் தூவுவது மாதிரியே, ஓரம் நடு என்று விடாமல் சீராகத் தட்டித் தூவினான். பச்சைப் புண்ணின் ஈரத்தில் தூள் விழுந்த இடமெல்லாம் பற்றிக்கொண்டது. மேலே சுத்தமான வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினான்.

"எரியுதுங்க" என்றாள் தீர்த்தம்மாள்.

"எரியத்தான் செய்யும். நோவு சாவுதில்ல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சொன்னாள். "ரொம்ப எரியுதுங்க."

"பொறுத்துக்க தீர்த்தா. எழுத்து நிக்கோணுமில்ல."

எழுத்து நிற்க வேண்டும் என்றதும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மத்தியானம் வரை கடித்துக்கொண்டே இருந்தாள். தலையணையின் உறையை வாயில் வைத்துக் கடித்திருந்ததை அவன் அப்புறம்தான் பார்த்தான். மூன்று மணிக்குக் கட்டைப் பிரித்தபோது தோல் வெந்த கிழங்குபோல் வெளுத்து, ஊறி, துணியோடு சேர்ந்து வந்தது. துணியில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பச்சியப்பன் அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினான்.

அங்கே நர்ஸ் சகாயமேரி குழாயைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் கையைத் தண்ணீருக்கு அடியில் பிடித்திருந்தாள். பச்சியப்பன் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் புண்ணியவான் இதுல சுண்ணாம்பக் கொட்டுனது?" என்று கேட்டாள் சகாயமேரி.

"நாந்தாங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "வெறுமனே வுட்டிருந்தாலே ஆறியிருக்கும்ணா. பச்ச குத்துனா உள்ள தண்ணி கோக்கறது சகஜம். அது சீழ் இல்ல."

"எழுத்து நிக்குங்களா?"

"கை நின்னாப் போதும்னு சாமியக் கும்பிடுங்க" என்றாள் அவள்.

கை நின்றது. அதற்கு மூன்று வாரம் ஆனது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவளைக் கூட்டிப்போய்க் கட்டு மாற்றி வந்தான். நடுவில் காரியமும் முடிந்தது. புண்மேல் தடிமனாகப் பொருக்கு கட்டி, காய்ந்து, ஓரம் தூக்கி, ஒருநாள் தானாக விழுந்தது. தரையில் விழுந்த அதை பச்சியப்பன் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் கருப்பு ஏறியிருந்தது. அதில் ஒரு சுழியாவது தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கித் தேடினான். ஒன்றும் தெரியவில்லை. அவள் கையைப் பார்த்தான். இளஞ்சிவப்பாக, மொழுமொழுவென்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு. மிளகைத் தெறித்தாற்போல் நாலைந்து கரும்புள்ளி. எந்தப் புள்ளி எந்த எழுத்துடையது என்று பிரம்மனுக்கும் தெரியாது.

தீர்த்தம்மாள் அவனைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால், செருப்பை எடுத்து இரண்டு போட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் "சாப்டீங்களா" என்று கேட்டாள்.

மறுநாள் அவன் தனியாக தர்மபுரிக்குப் போனான். பொருக்கை மாத்திரை கவரில் மடித்து எடுத்துப் போயிருந்தான். அருள்குமார் அதைக் கையில் வாங்கவில்லை. அன்றைக்கு ஒரு போட்டோ எடுக்கவிட்டிருந்தால் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாததற்கு அவனைக் கும்பிடலாம்.

"அண்ணா, ஆறு மாசம் போவட்டும். தோலு தாங்குதான்னு பாத்துட்டு மறுபடியும் போடலாம். அந்தப் பொண்ணு தமிழ்ல எழுதுன நோட்டு ஏதாச்சும் இருந்தாக் கொண்டாங்க. ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி எடுத்துச் சேத்துடறேன்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பச்சியப்பன் வீடு வந்தான். கவிப்பிரியாவின் பையைக் கொட்டினான். காலேஜ் நோட்டு ஏழு இருந்தது. அத்தனையும் இங்கிலீஷும் கணக்கும். பேர் எழுதிய லேபிளும் இங்கிலீஷ். அவளுடைய போன் பூட்டுப் போட்டபடி கிடந்தது, திறந்தாலும் அதில் இருப்பது கையெழுத்து இல்லை. அப்போது ஞாபகம் வந்தது, பள்ளிக்கூடத்துத் தமிழ் நோட்டுகள். பன்னிரண்டாவது வரைக்கும் வருடா வருடம் மூன்று நான்கு சேரும். பரணில் ஏறினான். சாக்கைத் தள்ளினான். அட்டைப் பெட்டிகளைப் பிரித்தான். கடைசியில் இறங்கிவந்து, புழு மனை வாசலில் நின்றான்.

குஞ்சுப் புழுவுக்குத் தட்டில் பழைய காகிதம் விரிப்பது அவன் வழக்கம். எல்லாப் புழுக்காரர்களும் செய்வதுதான். மூன்று நாளைக்கு ஒருதரம் கழிவோடு சேர்த்துக் காகிதத்தைச் சுருட்டி எருக்குழியில் போட்டுவிட்டுப் புதுசு விரிப்பார்கள். அவள் பன்னிரண்டாவது முடித்த வருடமே நோட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ஏட்டைக் கிழித்துக் கிழித்து அவனிடம் எடுத்துக் கொடுத்தவளே கவிப்பிரியாதான். "எப்பா, இது கட்டுரை நோட்டு, உம் புழுவெல்லாம் படிச்சிப் பெரிய ஆளாவப் போவுது பாரு" என்று சிரித்தாள். எருக்குழி ஒவ்வொரு வருடமும் வெட்டி மல்பெரித் தோட்டத்துக்குப் போயாகிவிட்டது.

அவன் மனை வாசலிலேயே உட்கார்ந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இனிமேல் தேட ஒரு இடமும் இல்லை என்பது மெல்லமெல்ல உறைத்தது. அப்படியே எங்காவது ஒரு ஏடு கிடைத்தாலும், அது வாத்தியாருக்கு எழுதிய எழுத்து. மூச்சு முட்டிப் படுத்துக்கொண்டு, வீட்டுக்குக் கூட்டிப்போ என்று கேட்ட எழுத்து அது ஆகாது.

வெயில் சாயும் நேரம் எழுந்து வீட்டுப் பின்பக்கம் வந்தான். தீர்த்தம்மாள் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அன்னக்கூடை நிறையத் தண்ணீர். இரண்டு கையும் முழங்கைவரை அதற்குள் இருந்தது.

"தீர்த்தா! கை! கை நனையுது!" என்று கத்திக்கொண்டு பச்சியப்பன் ஓடினான்.

அவள் இடது கையைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தாள். உட்பக்கத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தாள். அவனுக்கும் காட்டினாள்.

"நனையட்டும்" என்றாள். "அதுல என்னா இருக்குது?"

பிறகு கையை மறுபடி உள்ளே விட்டு, அடிபிடித்துக் கிடந்த குண்டானை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.